இருபத்தினாலு மஞ்சக் கோடு

ஜனவரி 3, வெள்ளி

போல்ட் கடை அண்ணாச்சி வருசா வருசம் டைரி குடுப்பாரு. நான் அதைக் கொண்டுபோய் டிரில்லிங் மெஷின் ஆடாம இருக்கறதுக்கு அடியில சொருகி வெப்பேன். இந்த வருசம் டாக்டரம்மா பிரஷர் பாத்துட்டு, "கோவம் வந்தா வாயில பேசாதீங்க கோகிலவாணி, எழுதிப் பாருங்க"ன்னாங்க. இன்னைக்கு வந்துச்சு. எழுதறேன்.

எங்க வாட்ஸ்அப் குரூப் பேரு 'கோவை குதிரைத்திறன்'. இருநூத்திப் பன்னண்டு பேரு. பாதிப் பேருக்கு வண்டி இருக்குது, மீதிப் பேருக்கு வாய் இருக்குது. அதுல வெங்கிடபதி சார் காலங்காத்தால போட்டதை அப்படியே எழுதி வெக்கறேன்:

"கோகிலவாணி ஷெட்டில் நிற்கும் பச்சை வண்டியின் படங்களைப் பார்த்தேன். இத்தாலியில் ஒருவன் இருபது வருடம் யோசித்துச் செய்ததை இங்கே இருபது நாளில் கொலை செய்திருக்கிறார்கள். பெயின்ட் நன்றாக இருக்கிறது. பிணத்துக்குப் பவுடர் பூசினாலும் நன்றாகத்தான் இருக்கும்."

பொணமாமா! முற்றுப்புள்ளியெல்லாம் வெச்சு எழுதுவாரு, அதுவே எனக்கு ஆகாது. அறுபத்திரண்டு வயசு, ஒரு காலத்துல ராலி ஓட்டினவரு, பம்ப் கம்பெனியில இஞ்சினியரா இருந்து ரிட்டையர் ஆனவரு. ஒரிஜினல் வண்டியில ஒரு ஸ்க்ரூ மாத்தினாக்கூட அவருக்கு அது பாவம். "நேர்ல வந்து பாத்துட்டுப் பேசுங்க சார்"ன்னு போட்டேன். உடனே அம்பது பேரு தீப் பொம்மை போட்டானுங்க. சண்டைன்னா இனிப்புத்தான்.

அந்தப் பச்சைக் காரு பிரணவோடது. மில்லுக்காரங்க வீட்டுப் பையன், இருபத்தொம்பது வயசு, கல்யாணம் ஆகி ரெண்டு வருசம். ரெண்டு சீட்டு, சீட்டுக்குப் பின்னாடி இஞ்சின். நான் அதுக்கு ரெண்டு டர்போ வெச்சு, ரெண்டு பக்கமும் மட்கார்டை அகலமாக்கி, பின்சக்கரத்துக்குப் பெரிய டயர் போட்டிருக்கறேன். அதுக்கோசரம் பின்சக்கரத்தைப் புடிச்சிருக்கற இரும்புக் கையெல்லாம் புதுசு.

மேசையில காயிதம் பறக்காம இருக்க ஒரு குழாய்த்துண்டு வெச்சிருக்கறேன். எட்டு வருசத்துக்கு முன்னாடி வெங்கிடபதி சாரோட பழைய ராலி வண்டிக்கு, அது உருண்டாலும் உள்ள இருக்கறவங்க நசுங்காம இருக்க, குழாயில உள்கூடு செஞ்சு குடுத்தேன், ஷெட்டு தொறந்து மொத வேலை. வீட்டுக்குப் போனவரு அதுல ஒரு குழாயை அறுத்து எனக்குக் கூரியர்ல அனுப்பினாரு. ஒரு வரி எழுதல. என்ற வெல்டிங் அதுல காசு அடுக்கின மாதிரி இருக்குது. ஒரு குத்தம் சொல்ல முடியாது.

ஜனவரி 5, ஞாயிறு

வந்துட்டாரு. டிபன் சாப்பிட்டுட்டு ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கிட்டு நேரா ஷெட்டுக்கு. பிரணவும் கூட.

"அம்மிணி, அந்த வண்டிக் கதவைச் சாத்து."

நாப்பத்தியோரு வயசு எனக்கு, அம்மிணியாம். சாத்தினேன். சட்டைப் பையில இருந்து ஒரு ரூபாக் காசை எடுத்துக் கதவு இடுக்குல விட்டாரு. போச்சு. அந்தப் பக்கக் கதவுல விட்டாரு. போகல.

"ஏன்?"

"ஏனுங், வண்டி கப்பல்ல வந்து எறங்கினப்பவே அப்படித்தானுங் இருந்துச்சு. போட்டோ இருக்குதுங்."

"பாத்தும் அப்படியே விட்டுட்டியா?"

ஏழெட்டுப் பேரும் சிரிச்சாங்க. பிரணவுக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. "சார், இந்த வண்டி இப்ப ஒரிஜினலைவிட வேகமா போகும் சார்"ன்னான்.

"வேகமா போறதுக்கு எல்லாத்தாலயும் முடியும் தம்பி. திரும்பி வரோணும். கண்ணுக்குத் தெரியற எடத்துல ஒரு ரூபாக் காசு போகுது. தெரியாத எடத்துல என்னென்ன போகுமோ."

லிஃப்ட்ல ஏத்தச் சொன்னாரு. பின்பக்கம் குனிஞ்சு பாத்தாரு. "எத்தன போல்ட்?"

"இருபத்தினாலுங்."

"ஒண்ணுலயும் உன்ற கோடு காணோமே?"

"இன்னும் கையால மாட்டி வெச்சதோட நிக்குதுங். இறுக்கலீங்."

என்ற ஷெட்டுல ஒரு பழக்கம் உண்டு. டார்க் ரெஞ்ச்ன்னு ஒரு சாமான், போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கினதும் டிக்குன்னு சத்தம் குடுக்கும். அந்த டிக் கேட்ட கையோட போல்ட்டுல இருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயின்ட் பேனாவுல குறுக்க ஒரு கோடு. நான் மஞ்சள். என்ற மெக்கானிக் ஆறுச்சாமி அண்ணன் வெள்ளை. அவிய அவிய இறுக்கினதுக்கு அவிய அவிய கோடு. போல்ட் தளந்து திரும்பினா கோடு ஒடைஞ்சு தெரியும். கோடு இருந்தா இறுக்கியாச்சு, மேல கேள்வி இல்ல.

வெங்கிடபதி சார் நிமிந்து என்னைப் பாத்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு: "இறுக்கிட்டு இருபத்தினாலையும் படம் புடிச்சு குரூப்ல போடு. உன்ற மஞ்சக் கோட்டைப் பாத்துட்டா நான் வாயை மூடிக்கறேன். மத்ததுல எப்படியோ, அந்தக் கோட்டுல நீ பொய் சொல்லமாட்டேன்னு எனக்குத் தெரியும். எப்பப் போடுவே?"

"இன்னைக்குப் பொழுதோட."

சொல்லிப்போட்டேன்.

அதே நாள், பொழுதோட

போட்டாச்சு. இருபத்தினாலு படம். குரூப்பே கப்சிப். வெங்கிடபதி சார் ஒரு பெருவிரல் பொம்மை மட்டும் போட்டாரு. வாயை மூடிக்கறேன்னவரு மூடித்தானே ஆகோணும்! ரெண்டு தோசை எச்சா சாப்பிட்டேன்.

டார்க் ரெஞ்ச் அளவு சரியாக் காட்டுதான்னு பாக்கறதுக்கு வெளிய போயிருக்குது, புதன்கிழமைதான் வருது. அதனால ஸ்பேனர்ல புடிச்சு வெச்சுட்டுக் கோட்டைப் போட்டேன். பதினெட்டு வருசம் ஸ்பேனர் புடிச்ச கை. புதன்கிழமை ரெஞ்ச் வந்ததும் இறுக்கிக்கலாம். கோடு முன்னாடி, டிக் பின்னாடி, அவ்வளவுதான். ரசம் ஊத்திச் சாப்பிட்டுட்டு அப்புறமா சாம்பார் ஊத்திக்கிட்டா குடியா முழுகிப்போகும்?

ஜனவரி 6, திங்கள்

ஆறுச்சாமி அண்ணன் மக வளைகாப்புக்கு லீவு. மூணு ஆயில் மாத்தினேன். ரெஞ்ச் இன்னும் வரல.

ஜனவரி 8, புதன்

ரெஞ்ச் வந்துச்சு. காலையிலயே பச்சை வண்டிக்கு அடியில போய்ட்டேன். இறுக்கறப்ப பழைய கோடு ரெண்டா ஒடைஞ்சு வெலகுது, அதுதானே அதோட வேலை. தின்னர் துணியால தொடைச்சுட்டுப் புதுசு போட்டுக்கிட்டே வந்தேன்.

ஆறுச்சாமி அண்ணன் வந்து நின்னு, "எல்லாத்துலயும்தான் கோடு இருந்துச்சே. மறுக்கா எதுக்கு ரெஞ்ச்?"ன்னாரு.

"சும்மா செக் பண்றேண்ணா."

நடுவுல போன். ஒரு டாக்டரோட வண்டி நடுரோட்டுல நின்னுபோச்சு, ஆல்டர்னேட்டர் கோளாறு. பேசி முடிச்சுட்டு வந்து மிச்சத்தை முடிச்சேன்.

இருபத்தினாலும் முடிஞ்சுது.

ஜனவரி 10, வெள்ளி

பிரணவ் வண்டியை எடுத்துட்டுப் போய் பைபாஸ்ல ஓட்டிட்டு வந்து மைசூர்பா குடுத்தான். "அக்கா, சுவாதி சிரிச்சுக்கிட்டே வந்தா அக்கா!"ன்னு பொண்டாட்டியைப் பத்திச் சொன்னான். மனசு நெறைஞ்சுபோச்சு. அந்த மைசூர்பாவுல ரெண்டை ஆறுச்சாமி அண்ணனுக்குக் குடுத்தேன்.

அதோட விட்டாங்களா? பிரணவ் வீடியோ போட்டான். வெங்கிடபதி சார் எழுதினாரு: "நேராகப் போவதற்கு மாட்டுவண்டி போதும். வளைவில் தெரியும்." பிரணவுக்கு ரோசம் வந்துருச்சு. "இருபத்தாறாம் தேதி ரேஸ் டிராக்ல நம்ம கூட்டம் இருக்குல்ல சார்? நீங்களே ஓட்டுங்க. பத்து சுத்து. அப்பச் சொல்லுங்க."

"ஓட்டுகிறேன். வண்டி நன்றாக இருந்தால் எல்லோர் முன்னிலையிலும் கோகிலவாணியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

வெங்கிடபதி சார் என்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறாரு! இன்னும் மூணு பேரு அவிய வண்டியை எனக்குக் குடுக்கறதா வேண்டாமான்னு இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. எட்டு வருசமா அந்தக் குழாய்த்துண்டைப் பாத்துக்கிட்டிருக்கறேன். வரட்டும் இருபத்தாறு.

ஜனவரி 11, சனி

வெங்கிடபதி சார் ஒரு கண்டிசன் போட்டாரு. நடுவுல யாரும் எதையும் மாத்திப் பூசி மெழுகக் கூடாது, அதனால வண்டிக்கு சீல் வெக்கோணும். பிரணவோட மில் குடோன்ல நிறுத்தி, இஞ்சின் மூடிக்கும் அடித்தகட்டுக்கும் காயிதம் ஒட்டி, மேல அவரு ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. இருபத்தாறாம் தேதி வரைக்கும் யாரும் தொடக் கூடாது.

"பயமிருந்தா இப்பவே சொல்லு அம்மிணி."

"எனக்கெதுக்குங் பயம்?" கையெழுத்தைக் கொஞ்சம் பெருசாவே போட்டேன்.

ஜனவரி 13, திங்கள்

டீ குடிக்கறப்ப ஆறுச்சாமி அண்ணன், "அன்னைக்கு ஆல்டர்னேட்டர் போன் வந்தப்ப எந்தப் பக்கம் இறுக்கிட்டு இருந்தீங்க?"ன்னாரு.

"எதுக்குண்ணா?"

"சும்மா கேட்டேன். தின்னர் துணி பூரா மஞ்சளா இருந்துச்சு. போட்ட கோட்டைத் தொடைச்சுப் போட்ட மாதிரி."

"உங்க சோலி எதுவோ அதைப் பாருங்க"ன்னு கத்திட்டேன். மனுசன் டீயை வெச்சுட்டு எந்திரிச்சுப் போய்ட்டாரு. எட்டு வருசத்துல அவரை ஒரு வார்த்தை சொன்னதில்ல. பாவம்.

எந்தப் பக்கம் இருந்தேன்?

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பால் பொங்கினதை நான் பாக்கல. பானையையே பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஆனா பாக்கல. என்ற வீட்டுக்காரர் தனபால்தான் "பொங்கலோ பொங்கல்"ன்னு சத்தம் போட்டாரு. காலேஜ்ல கணக்கு வாத்தியார். "என்னம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

"பிரஷர் மாத்திரை போடல."

போன்ல பாத்தேன். புதன்கிழமை பதினொண்ணு நாப்பத்திரண்டுக்குக் கால் வந்திருக்குது. ஒம்பது நிமிசம். அதுக்கு முன்னாடி வலது பக்கம் பன்னண்டு முடிச்சேன், அது நல்லா ஞாபகம் இருக்குது. எடது பக்கம் வெளிய இருக்கறது ஆறு. உள்ள நாலு? அஞ்சு? போன் பேசிட்டு வந்து எதுல கோடு இருக்குதோ அது முடிஞ்சுதுன்னு வெச்சு, அடுத்ததுல இருந்து ஆரம்பிச்சிருப்பேன். வேற எப்படி ஆரம்பிப்பேன்? எப்பவும் அப்படித்தானே பழக்கம்.

ஆனா அன்னைக்கு எல்லாத்துலயும் கோடு இருந்துச்சே.

ஜனவரி 17, வெள்ளி

பிரணவுக்குப் போன் பண்ணினேன். "கியர் ஆயில் கொஞ்சம் பாக்கலாம்னு இருக்கறேன், அடித்தகட்டை ஒருக்கா தொறக்கட்டுமா?"

"அக்கா, சீலை ஒடைச்சா அவரு ஊரு பூரா தம்பட்டம் அடிப்பாரு. என்னக்கா, பயமா?"

"சேச்சே."

ஜனவரி 19, ஞாயிறு

குரூப்ல காலையில இருந்து அடிதடி. மாத்தின வண்டி உசத்தியா, மாத்தாத வண்டி உசத்தியா. ஒருத்தன் என்ற பக்கம் பேசறேன்னு வெங்கிடபதி சாரை "கெழட்டு டிரைவர்"ன்னுட்டான். அதுக்கு அவரு:

"கிழவன்தான். கோகிலவாணியின் ரசனை எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் பெண்ணின் மஞ்சள் கோடு எனக்குப் போதும். அதை நம்பித்தான் நூற்று எண்பதில் வளைவுக்குள் போகப் போகிறேன்."

இதைப் படிச்சுட்டுப் போனைக் கவுத்து வெச்சுட்டேன்.

மத்தியானம் தெரியாத நம்பர்ல ஒரு கால். "அம்மிணி, நான் ரங்கநாயகி. வெங்கிடபதி வீட்ல." அவியகூட நான் பேசினதே இல்ல. "போன வருசம்தான் இவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குது. சொன்னாக் கேக்கறாரா? பதினாறு வயசுப் பையனாட்டம் பழைய ராலி ஓவராலை எடுத்துப் போட்டுப் பாத்துக்கிட்டிருக்காரு. வண்டி நல்லாத்தானே இருக்குது? நீ ஒரு வார்த்தை சொன்னீன்னா எனக்குத் தூக்கம் வரும்."

"நல்லாருக்குதுங்க."

"மவராசியா இரு சாமி"ன்னு சொல்லி வெச்சுட்டாங்க.

ஜனவரி 21, செவ்வாய்

வேலை ஓடல. அந்தக் குழாய்த்துண்டை எடுத்து வைஸ்ல புடிச்சு, வெல்டிங் மேலயே கட்டிங் மெஷினை வெச்சு நெடுக அறுத்தேன். எட்டு வருசமா தோணாதது ஏன் இன்னைக்குத் தோணுச்சோ.

மேல காசு அடுக்கின மாதிரித்தான் இருக்குது. உள்ள பாதி எடத்துல பிடிக்கவே இல்ல. ஒரு அடி வாங்கியிருந்தா தனியா வந்திருக்கும். அவரு அந்தக் கூட்டுக்குள்ளதான் உக்காந்து ஓட்டியிருப்பாரு.

அவருக்கு இது வெளிய இருந்தே எப்படித் தெரிஞ்சுது? ஒருவேளை தெரியாது, சந்தேகத்துலதான் அறுத்திருப்பாரு. சந்தேகம் வந்தா அறுத்துப் பாத்திருக்காரு. எனக்குத்தான் எட்டு வருசம் ஆச்சு.

ஜனவரி 23, வியாழன்

மத்தியானம் மில் குடோனுக்குப் போனேன். டயர் காத்து மட்டும் பாக்கறேன்னு வாட்ச்மேன்கிட்டச் சொன்னேன். சீலைத் தொடல. எடது பின்சக்கரத்து ஆரக்கால் சந்துக்குள்ள போனை ஒரு குச்சியில கட்டி விட்டு, லைட் போட்டுப் படம் புடிச்சேன். நாலஞ்சு தடவைக்கு அப்புறம் உள்பக்க போல்ட்டெல்லாம் விழுந்துச்சு.

எல்லாத்துலயும் கோடு நேரா, அழகா இருந்துச்சு. அப்பாடான்னு உக்காந்தேன். அப்புறம்தான் ஒறைச்சுது. இறுக்காத போல்ட்டுலயும் கோடு நேராத்தான் இருக்கும். இறுக்கியிருந்தா பழைய கோடு ஒடைஞ்சிருக்கும், நான் தொடைச்சுட்டு வேற போட்டிருப்பேன். அப்ப அஞ்சாந்தேதி கோடும் இன்னைக்கு இருக்கற கோடும் ஒண்ணா இருக்கக் கூடாது.

குரூப்ல நானே போட்ட படத்தை எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஒவ்வொண்ணா. வேற. வேற. வேற.

உள்பக்கம் அஞ்சாவது. பின்சக்கரம் தெசை மாறாமப் புடிச்சிருக்கற கையோட போல்ட். அஞ்சாந்தேதிப் படத்துல கோட்டுக்குக் கீழ பெயின்ட் ஒரு சொட்டு வழிஞ்சு எலிவால் மாதிரி நிக்குது, அவசரத்துல போட்டது. இன்னைக்குப் படத்துலயும் அதே வால். அதே நீளம். நுனியில அதே வளைவு.

அது தளந்தா நேரா போறப்ப தெரியாது. வேகமா வளையறப்ப சக்கரம் அதுபாட்டுக்குத் திரும்பும். வண்டி சுத்திரும். யாராலயும் புடிக்க முடியாது.

குடோன் தரையில எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. வாட்ச்மேன் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு.

ஜனவரி 24, வெள்ளி

குரூப்ல எழுதி எழுதி அழிச்சேன். நாலு தடவை. ரெஞ்ச் இல்லாமக் கோடு போட்டேன்னு சொன்னா அதோட ஷெட்டு முடிஞ்சுது. எந்த வண்டியில எந்தக் கோடு நெசம்னு கேப்பாங்க. எட்டு வருசத்துல நான் போட்ட அத்தனை கோட்டையும் கேப்பாங்க. கேட்டா என்ன தப்பு?

இருபத்தினாலுல இருபத்திமூணு சரி. ஒண்ணே ஒண்ணு. ஸ்பேனர்ல இறுக்கினதுதான். பைபாஸ்ல ஓடின வண்டிதான். பத்து சுத்துத்தானே, தாங்கும்.

தாங்கும்னு எழுதறதுக்கு எனக்கு வெக்கமா இல்லையா?

ஜனவரி 25, சனி

நாளைக்கு மழை வருமான்னு போன்ல பாத்தேன். வராதாம்.

ஜனவரி 26, ஞாயிறு

டிராக்ல எட்டு மணிக்குக் கொடி ஏத்தினாங்க. அறுபது எழுபது பேரு. வெங்கிடபதி சார் அந்தப் பழைய ஓவரால்ல வந்தாரு, வயித்துக்கிட்ட பட்டன் மாட்டல. வாட்ச்சையும் சங்கிலியையும் கழட்டி ரங்கநாயகி அம்மா கையில குடுத்தாரு. அவிய தூரத்துல இருந்து என்னைப் பாத்துக் கை ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன். கர்மம், நானும் ஆட்டினேன்!

சீல் அப்படியே இருக்குதுன்னு எல்லாருக்கும் காட்டினாங்க. அவரு உள்ள உக்காந்து ஹெல்மெட் போட்டு ஸ்டார்ட் பண்ணினாரு. நான் இருந்த எடத்துலயே நின்னேன். இப்பச் சொல்லலாம், இப்பச் சொல்லலாம்னு நின்னேன். கியர் விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பாத்தா நான் வண்டிக்கு முன்னாடி நிக்கறேன், ரெண்டு கையும் பானெட் மேல இருக்குது.

பிரேக் போட்டாரு. முட்டியில லேசா இடிச்சுது.

"பைத்தியமா அம்மிணி உனக்கு?"

"எறங்குங்க."

"ஏன்?"

போனை நீட்டினேன், ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு. ஹெல்மெட்டைக் கழட்டினாரு. கண்ணாடி வேணும்னாரு, ரங்கநாயகி அம்மா கொண்டாந்தாங்க. ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"இது எப்ப?"

"அஞ்சாந்தேதி. குரூப்ல போட்டது."

"இது?"

"மூணு நாளைக்கு முன்னாடி."

"ஒரே வால்."

"ஆமாங்."

"அன்னைக்கு இறுக்காமயே கோடு போட்டியா?"

"ரெஞ்சே ஷெட்டுல இல்லீங் அன்னைக்கு. அப்புறம் இறுக்கினேன். இது ஒண்ணு விட்டுப்போச்சு. மூணு நாளாத் தெரியும் எனக்கு. சொல்லல."

எல்லாருக்கும் கேட்டுச்சு. ஆறுச்சாமி அண்ணன் கூட்டத்துல இருந்து ஒரு பையோட வந்தாரு. அவரை நான் கூப்பிடவே இல்ல. பையில டார்க் ரெஞ்ச் இருந்துச்சு.

வெங்கிடபதி சாரே சீலைக் கிழிச்சாரு, என்ற கையெழுத்தும் அவரு கையெழுத்தும் சேந்தே கிழிஞ்சுது. ஜாக்கி போட்டுத் தூக்கி அடித்தகட்டைக் கழட்டினாங்க. நான் படுத்து உள்ள போய் ரெஞ்சை வெச்சேன். மத்ததெல்லாம் வெச்சதும் டிக், வெச்சதும் டிக். அஞ்சாவது திரும்பிக்கிட்டே போச்சு. அரைச் சுத்து. அதுக்கப்புறம்தான் டிக். அறுபது பேரு அந்த ஒரு டிக்குக்குக் காத்துக்கிட்டு நின்னாங்க.

கை தன்னால மேல்பாக்கெட்டுக்குப் போச்சு, மஞ்சப் பேனாவுக்கு. வெங்கிடபதி சார் என்ற மணிக்கட்டைப் புடிச்சாரு.

"கோடு வேண்டாம்."

பேனாவை வாங்கி அவரு பையில போட்டுக்கிட்டாரு.

பிரணவ் கிட்ட வந்தான். கத்துவான்னு நெனைச்சேன். "அக்கா, சுவாதிக்கு நாலு மாசம். அன்னைக்கு பைபாஸ்ல அவளை உக்கார வெச்சுத்தான் போனேன்"ன்னான். அவ்வளவுதான். கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். வண்டியை யாரும் ஓட்டல. டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போய்ட்டாங்க.

ரங்கநாயகி அம்மா என்னைத் தாண்டித்தான் போனாங்க. பாக்கல.

ஜனவரி 27, திங்கள்

குரூப்ல இருநூறு மெசேஜ் தாண்டிருச்சாம், ஆறுச்சாமி அண்ணன் சொன்னாரு. என்னை வெளிய எடுத்துட்டாங்க. பச்சை வண்டி வேற ஷெட்டுக்குப் போகுது. காத்திருந்த மூணு வண்டியும் வராது. வெங்கிடபதி சார் மட்டும் குரூப்ல ஒண்ணும் எழுதலையாம்.

பழைய வேலைச் சீட்டையெல்லாம் எடுத்து, நான் கோடு போட்ட வண்டிக்காரங்க ஒவ்வொருத்தருக்கா போன் பண்ண ஆரம்பிச்சேன். "ஒருக்கா கொண்டாங்க, மறுக்கா இறுக்கித் தர்றேன்." மொத மூணு பேரு பேசாமயே வெச்சுட்டாங்க. நாலாவது ஆளு, "எப்ப வரட்டும்?"ன்னாரு.

ஆறுச்சாமி அண்ணன்கிட்ட அன்னைக்குக் கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். "டீ ஆறுது, குடிங்க"ன்னாரு.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில ஷெட்டு வாசல்ல ஒரு பழைய வண்டி வந்து நின்னுச்சு. வெங்கிடபதி சாரோட ராலி வண்டி. நான் செஞ்ச உள்கூடு அதுல இல்ல, வேற யாரோ செஞ்சது இருந்துச்சு.

"பின்னச்சு பூரா கழட்டி மாட்டியிருக்குது. பதினாறு போல்ட். இறுக்கு."

"வேற ஷெட்டு இல்லீங்களா?"

"இருக்குது. மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதே. ரங்கநாயகி இன்னும் உன்ற பேரைச் சொன்னா எந்திரிச்சுப் போயிர்றா. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். டிக் என்ற காதுல விழுகோணும்."

உள்ள வந்தவரு மேசையில ரெண்டாக் கெடந்த குழாய்த்துண்டைப் பாத்தாரு. எடுத்துத் திருப்பினாரு. "எப்ப அறுத்தே?"

"போன மாசம்."

"ம்." வெச்சுட்டாரு.

சேரை வண்டிக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்தாரு. நான் இறுக்கினேன். டிக். அவரு தலையாட்டிட்டு ஆறுச்சாமி அண்ணனோட வெள்ளைப் பேனாவை வாங்கி அவரே குனிஞ்சு கோடு போட்டாரு. இடுப்பு வலிக்குதுன்னு முனகினாரு, ஆனா என்கிட்டப் பேனாவைக் குடுக்கல. டிக், கோடு. டிக், கோடு. பதினஞ்சு வரைக்கும் இப்படியே.

பதினாறாவதுக்கு அவரு பாக்கெட்டுல இருந்து வேற பேனாவை எடுத்தாரு. என்ற மஞ்சப் பேனா.

"இதை நீ போடு."

வாங்கல. மறுபடி ரெஞ்சை வெச்சேன். டிக். இன்னொருக்கா வெச்சேன். டிக். மூணாவது தடவைக்குப் போறப்ப, "போதும் அம்மிணி, எனக்குக் கேட்டுருச்சு"ன்னாரு.

அப்புறம் வாங்கிப் போட்டேன். கண்ணுல தண்ணி மறைச்சு, கோட்டுக்குக் கீழ ஒரு சொட்டு வழிஞ்சு வால் விட்டுருச்சு. தொடைக்கத் துணியை எடுத்தேன்.

"தொடைக்காதே. படம் புடிச்சு வெச்சுக்கோ. அடுத்த மாசம் வர்றேன், ரெண்டையும் வெச்சுப் பாப்போம்."